புளியமரத்தடிப் பானை

அமராவதிபுதூரை நெருங்கும்போது பிலவேந்திரனின் பழைய காரில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. தொடுவதற்கு அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. மகள் வின்சிக்கு அன்றுதான் நீட் தேர்வு. காரைக்குடியில் தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை மணிக்குக் கதவைச் சாத்திவிட்டால் ஆண்டவரே வந்து தட்டினாலும் திறக்கமாட்டார்கள். போன முறை கொஞ்ச மார்க்கில் கோட்டைவிட்டு, வருடம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்து படித்த பெண் அவள்.

சாலையோரப் புளியமர நிழலில் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டரின் மேல் ஓஸ் குழாயைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்து, தண்ணீர் முழுக்க என்ஜின் மேல் வழிந்திருந்தது. நேற்றே பார்த்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டு கிளிப்பை முறுக்கினார். கை காட்டியும் ஒரு பஸ் நிற்காமல் போனது. அதையும் திட்டினார்.

இனித் தண்ணீர் வேண்டும். பக்கத்து ஊரணி வறண்டு வெடித்துக் கிடந்தது. மரத்தடியில் ஒரு புதுப்பானை, மேலே தட்டு, தட்டில் ஒரு டம்ளர். வெயில் காலத்தில் வழிப்போக்கர்களுக்கு யாராவது இப்படி வைப்பதுதான்.

"அப்பா, பானைக்கு மாலை போட்டிருக்கு," என்றாள் வின்சி.

"மாலை போட்டா என்ன, மஞ்ச தடவுனா என்ன. நீ வண்டியில ஏறு."

என்ஜின் ஆறும்வரை நிலைகொள்ளாமல் நடந்தார். பிறகு பழந்துணியால் ரேடியேட்டர் மூடியைத் திருகி, பானையைக் கடைசிச் சொட்டுவரை அதில் கவிழ்த்தார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். முள் மறுபடியும் சிவப்புக்கு ஏறியது.

ரேடியேட்டர் காலி. ஆனால் கிளிப் இறுகித்தான் இருந்தது, ஓஸ் காய்ந்திருந்தது. சட்டை அழுக்காவதைப் பாராமல் வண்டிக்கடியில் ஊர்ந்து பார்த்தார். தாரில் ஒரு சொட்டு இல்லை. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பால் போலத் திரிந்திருக்கும், அதுவும் இல்லை. புகையும் வெள்ளையாக வரவில்லை. ஊற்றிய தண்ணீர் எங்கேதான் போய்த் தொலைந்தது? டயரை ஓங்கி ஒரு உதை விட்டார்.

அப்போதுதான் கண்ணாடியைக் கவனித்தார்.

உச்சி வெயிலில், பின்கண்ணாடி உள்ளேயிருந்து வேர்த்திருந்தது.

கதவைத் திறந்தார். புதுப்பானையின் மண்வாசனை குப்பென்று வந்தது. பின்சீட்டுக்குக் கீழே விரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது.

ஹீட்டர்! டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தச் சனியன் ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீர் வண்டிக்குள்தான் ஒழுகும், கண்ணாடியும் வேர்க்கும். காரணம் கிடைத்ததில் மனம் லேசாகிவிட்டது. முன்விரிப்பு ஏன் காய்ந்திருக்கிறது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"அப்பா," வின்சியின் குரல் அடங்கிப்போயிருந்தது. "எனக்குப் பின்னால யாரோ மூச்சு விடுறாப்ல இருக்கு."

"பரிச்சைப் பயம். அப்படித்தான் இருக்கும்."

தேர்வுக்கென்று கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அவளே எடுத்து நீட்டினாள். அந்த ஒரு பாட்டில் தண்ணீரில் வண்டி காரைக்குடி வரை ஓடியிருக்கக் கூடாது.

ஓடியது. முள் அசையவே இல்லை.

கதவு சாத்தப்போகும் நேரத்தில், எதிர்க்கடையில் வாங்கிய பாட்டிலோடு வின்சி உள்ளே ஓடினாள். பிலவேந்திரன் மூச்சு வாங்கத் திரும்பினார். காரின் பின்கதவு திறந்து கிடந்தது. வின்சி முன்சீட்டில் அல்லவா உட்கார்ந்து வந்தாள்?

மாயக்கண்ணனின் பட்டறை அடுத்த சந்தில் இருந்தது. கார் முந்தைய சொந்தக்காரரிடம் இருந்த காலத்திலிருந்தே அதற்கு அவன்தான் மெக்கானிக். ஹீட்டர் ஒழுகுகிறது என்று இவர் சொன்னதும் சிரித்தான்.

"இந்த வண்டியில ஹீட்டரே இல்லண்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குன்னு அப்பவே கழட்டிப் போட்டு, ஓஸை நான்தான் வளைச்சு மாட்டுனேன். இந்தா பாருங்க."

பார்த்தார். ஓஸ் உள்ளே போகவே இல்லை. வளைந்து வந்து என்ஜினிலேயே சேர்ந்திருந்தது.

தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று அவன் கேட்டான். இவர் சொன்னதும் அவன் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

"அது ரோட்டுல போறவுகளுக்கு வச்சது இல்லண்ணே. போன வருசம் இதே பரிச்சைக்கு பைக்குல வந்த பொம்பளப் புள்ள, அந்த மரத்துல மோதிச் செத்துப் போச்சு. தவிச்ச வாய்க்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போச்சேன்னு அவுக ஆத்தா தினமும் வைக்கிறாக. அதையா எடுத்தீக?"

பிலவேந்திரன் வண்டியைப் பள்ளிக்கூட வாசலுக்கு விரட்டினார். கதவு சாத்தியிருந்தது. மன்றாடினார், கத்தினார், அழுதும் பார்த்தார். சற்றுமுன் எந்தக் கதவைச் சாத்திவிடக் கூடாதென்று பறந்தாரோ, அதே கதவு. காவலுக்கு நின்றவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வின்சி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். கையில் பாட்டில் காலியாக இருந்தது.

"நான் ஒரு வாய்கூடக் குடிக்கலப்பா. பக்கத்து பெஞ்சுப் புள்ள பாவம், தாகம் தாகம்னுச்சு, குடுத்துட்டேன். அவளும் நம்ம வழிதானாம். புளியமரத்துக்கிட்ட இறக்கிவிடச் சொன்னா. எனக்கு முன்னாடியே வந்துட்டாளே, பாக்கலயா?"

பிலவேந்திரன் காரைப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி அவர் கையில்தான் இருந்தது.

பின்கண்ணாடி மெல்ல வேர்க்கத் தொடங்கியது.