உரசும் மீன்கள்

விராலின் செவுளோரம் வெள்ளையாய் ஒரு நூல் தொங்கியது. வலை நூல்தான் என்று நினைத்து இளமதி நகத்தால் பிடித்து இழுக்க, அது சதையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. நுனியில் வேர்போலக் கிளைத்த தலை, அதைச் சுற்றி மஞ்சளாய்ச் சீழ்.

ஆரம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் குட்டை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை போனபிறகு அவள் கணவன் கலியன் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டையும் விராலும் வளர்த்தான். போன மழையில் மேற்கே ஒரு கலர் மீன் பண்ணை உடைந்து, சிவப்பும் வெள்ளையுமாய் மீன்கள் வெள்ளத்தோடு வந்து சேர்ந்தன. அவை கொழுத்துத் திரிந்தன. நாட்டு மீன்கள்தான் இளைத்துக்கொண்டே போயின.

தட்டில் தண்ணீர் ஊற்றி விராலை அலசினாள். செதில்மேல் மிளகளவில், தட்டையாய், எச்சில் நிறத்தில் ஏதோ வழுக்கியது. பக்கத்தில் இன்னொன்று. செத்த மீனை விட்டு, செதில்களின் அடியிலிருந்து ஒவ்வொன்றாய்க் கிளம்பி, கரும்புள்ளிக் கண்களோடு அவள் கட்டைவிரலை நோக்கி நீந்தின. ஒன்று நகக்கண்ணில் ஒட்டி உறிஞ்சியது.

கையை உதறியபடி பின்பக்கம் ஓடினாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. கலியன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, மேல வா! மீனு பூரா பேன் கீது! அந்தக் கலர் மீனோட வந்தது!"

"இன்னாத்துக்குக் கத்துற? இங்க பாரு, கெண்டைங்க எல்லாம் காலாண்ட வந்து ஒரசிக்கினு கீதுங்க. இன்னா பாசம்!"

அவனைச் சுற்றித் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டது. மீன்கள் முட்டிமோதி வந்தன. விலாவை அவன் காலில் அழுத்தித் தேய்த்தன. தேய்த்தவை அமைதியாக விலகிப் போயின. அடுத்தவை வந்தன.

"பாசம் இல்ல மாமா. சொறிஞ்சிக்கினு, பேன உன் மேல உட்டுட்டுப் போவுதுங்க. ஏறு!"

சிரிப்பு நின்றது.

"ஆமா... இன்னாமோ ஊறுது."

தடுமாறிக் கரையேறினான். லுங்கியைத் தூக்கினான்.

முழங்காலுக்குக் கீழே தோல் தெரியவில்லை. ரோமம் தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாய் அப்பிய வழவழப்பு. வெயிலில் மினுங்கியது. துடித்தது.

"தட்டி உடு இளமதி... தட்டி உடுடி."

அவள் கை எழவில்லை.

காலில் ஈரம் காயத் தொடங்கியது. எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தன. மேலே. லுங்கி இன்னும் நனைந்திருந்த பக்கம்.