பாப்பா, நான்தான்

மிமிக்ரி நிகழ்ச்சியை முடித்துவிட்டு மாதேஷ் மைக்கைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றிங்க, போய்ச் சாப்புடுங்க" என்று சொன்னபோது பந்தலே கைதட்டியது. அதற்கு முன்னால் நாற்பது நிமிடம் உயிரைக் கொடுத்துச் செய்த எந்தக் குரலுக்கும் அப்படித் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த வீரமணி, அவருடைய பேரனுக்குத்தான் அன்று பொம்மிடியில் காதுகுத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி கேட்டார்.

"உரிச்சு வெச்ச மாதிரி இருக்குதுங்களே! கடைசியா பண்ணுனது யாரு குரலுங்க?"

"அது என் குரலுங்க."

"அதேதான், அதேதான்!" என்று மறுபடியும் தட்டினார்கள்.

கிடா குழம்பு வாசனை பந்தல் முழுக்க ஏறியிருந்தது. மாதேஷும் ஒப்புக்குச் சிரித்துவைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை.

வாரநாளில் அவனுக்கு நல்லம்பள்ளியில் செல்போன் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமையில் மிமிக்ரி. பெரிய கலைஞன் என்ற நினைப்பெல்லாம் அவனுக்குக் கிடையாது. வைத்திருப்பவை எல்லாம் சுலபமான குரல்கள். கீழ்த்தாடையை முன்னால் தள்ளினால் பழைய சினிமா வில்லன் வந்துவிடுவார். மூக்கை உள்ளிருந்து அடைத்தால் செய்தி வாசிப்பவர். ரயில் நிற்கிற ஊர் என்றால் ஸ்டேஷன் அறிவிப்புப் பெண்ணும் உண்டு, அதற்குச் சொற்களைத் தனித்தனியாக நறுக்கி வைத்தால் போதும். ஒவ்வொரு குரலுக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு மூச்சு உண்டு. இடத்தையும் மூச்சையும் பிடித்துவிட்டால் ஆள் கிடைத்துவிடுவான். அவனுடைய மொத்த வித்தையே இவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அரூரில் ஒரு பிறந்தநாள் விழா. கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எல்லாரு குரலும் பண்றீங்க. உங்க குரலப் பண்ணுங்க பாக்கலாம்."

கடைசி வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கேட்டது ஆணா பெண்ணா என்றுகூடப் பிடிபடவில்லை. அதைவிட, அந்தக் குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கில் இல்லை, தொண்டையில் இல்லை, நெஞ்சில் இல்லை. பேச்சுக்கு முன்னால் மூச்சே இல்லை. ஸ்பீக்கர் பெட்டியின் கோளாறாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆனால் யோசனை பிடித்துப்போயிற்று. புது ஐட்டம் என்றால் நாக்கைத் தொங்கப்போடுகிறவன் அவன். வீட்டில் பேசுவதை எல்லாம் போனில் பதிவு செய்தான், கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டான். ஒரு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. நெஞ்சில், கொஞ்சம் இடது பக்கமாக. பேசுவதற்கு முன்னால் சின்னதாக ஓர் இழுப்பு. கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பழகினான். நோட்டில் ஏழாவது ஐட்டமாகத் தன் பெயரையும் எழுதிவைத்தான்.

இன்றைக்கு அந்த ஏழாவதை அவன் செய்யவே இல்லை.

ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் பிடுங்கி முடித்த மரவள்ளிக் காடு, ஈர மண் வாசனை, தூரத்தில் ஒரு ரயில் நிற்காமல் போகும் சத்தம். மனசு பாப்பாவிடம் போய்விட்டது. மகள் தேவிப்பிரியாவுக்கு ஏழு வயது. அம்மா சோபனா தர்மபுரியில் ஜவுளிக்கடை வேலை முடித்து வர ஏழு மணியாகும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிவரை பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு, பாப்பா ஒரு மணி நேரம் தனியாக, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருப்பாள்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. கதவைத் தட்டிவிட்டு வில்லன் குரலிலும் செய்தி குரலிலும் மகளைச் சிரிக்கவைப்பது மாதேஷுக்குப் பழக்கம். ஒருநாள் சோபனா சத்தம் போட்டாள். "இப்புடியே பழக்குங்க. நாளைக்கு எவன் வந்து எந்தக் குரல்ல கூப்ட்டாலும் தொறந்துருவா." அவள் சொன்னது நியாயம். அன்றைக்கே மகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். யார் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாது. அப்பாவின் சொந்தக் குரலில் 'பாப்பா, நான்தான்' என்று கேட்டால் மட்டும் திறக்க வேண்டும். பாப்பா அந்த விஷயத்தில் போலீஸ் மாதிரி.

பாதி வழியில் புளியமரத்தடியில் நிறுத்தி சோபனாவுக்குப் போன் போட்டான்.

"என்னங்க, மறுபடியும்?" என்றாள். பின்னால் கடை இரைச்சல். "இப்பதான கூப்ட்டீங்க. வூட்டுக்கிட்ட வந்துட்டேன், பாப்பாவுக்குப் பரோட்டா வாங்கிட்டுப் போறேன்னு சொன்னீங்க."

மாதேஷ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். காலையிலிருந்து அவன் அவளைக் கூப்பிட்டதாக ஒரு பதிவும் இல்லை. அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். தாடை தானாக முன்னால் தள்ளிக்கொண்டது.

"அது நான் இல்ல, சோபனா" என்றார் வில்லன்.

அவள் சிரித்தாள். "ஆரம்பிச்சிட்டீங்களா? கஸ்டமரு நிக்கறாங்க, வைங்க." போன் அணைந்தது.

யாருமில்லாத ரோட்டில் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். செய்தி வாசிப்பவர் சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னான். அறிவிப்புப் பெண் சொன்னாள், எழுத்தெழுத்தாக நறுக்கி. நெஞ்சின் இடது பக்கத்தைக் கையால் தடவினான். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு போய்த் தடவுமே, அப்படிக் காலியாக இருந்தது அந்த இடம்.

அவனுக்குப் பயம் வந்தது. தனக்காக இல்லை.

வண்டியை எப்படி ஓட்டினான் என்று தெரியாது. நல்லம்பள்ளி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஏழு வீடுகள் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் அவனுடையது நடுவில். முன்னால் தெரு. பின்னால் எல்லாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும். பின்பக்கம் போக வேண்டுமானால் வரிசையைச் சுற்றித்தான் போகவேண்டும். ஜன்னல் சாத்தியிருந்தது, கதவிடுக்கில் மட்டும் வெளிச்சம். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

தட்டினான். டிவி நின்றது. சின்னக் கால்கள் ஓடிவந்தன.

"யாரு?"

அவள்தான். ஓடிவந்த மூச்சு வாங்கியது, விழுந்த முன்பல் வழியாகக் காற்று வந்தது. மாதேஷுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாப்பா, நான்தான்" என்றார் வில்லன்.

உள்ளே கிளுகிளுவென்று சிரிப்பு. "போப்பா. இது அப்பா குரல் இல்ல."

"பாப்பா, நான்தான்." செய்தி வாசிப்பவர்.

"இதும் இல்ல!"

கதவை இரண்டு கையாலும் அறைந்தான். பின்கதவைத் திறக்காதே, யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று கத்தினான். அறிவிப்புப் பெண் அதை நிதானமாக, மரியாதையாக, ஒவ்வொரு சொல்லாக அறிவித்தாள். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து வீட்டு நிர்மலாதேவி வாசலுக்கு வந்து போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

"அண்ணன் இன்னிக்கு செம மூடுல இருக்காரு போல. இன்னொருக்கா பண்ணுங்கண்ணா!"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவளும் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, தூரத்தில், பின்கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. அவசரமில்லாமல்.

பிறகு அந்தக் குரல்.

சின்னதாக ஓர் இழுப்பு. நெஞ்சில், கொஞ்சம் இடது பக்கமாக.

"பாப்பா, நான்தான்."

"ஐ! அப்பா பின்னால வந்துட்டாரு!"

கால்கள் ஓடின. கதவைவிட்டு விலகி. உள்ளே. மாதேஷ் தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். மரம் அசையவில்லை. சமையலறைப் பின்கதவின் தாழ். துருப்பிடித்தது. அவனே எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்திருந்த தாழ். அது கிறீச்சிட்டு நகர்ந்தது.

அவன் ஓடினான். வரிசையைச் சுற்றி. மூன்று வீடு. துவைக்கிற கல். தண்ணீர்த் தொட்டி. பின்கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தது. படியில் பரோட்டா பொட்டலம் ஒன்று, சூடாக, பிரிக்காமல்.

டிவி சத்தம் இல்லை. சிரிப்பு இல்லை.

கையை உயர்த்தினான். தட்டினான்.

உள்ளே எந்தக் காலும் ஓடிவரவில்லை. ஆனால் கதவுக்கு மறுபக்கம், அவன் முகத்துக்கு நேராக, அவன் உயரத்தில், ஒரு குரல் கேட்டது.

"யாரு?"

பாப்பாவின் குரல். உரிச்சு வெச்ச மாதிரி. பேச்சுக்கு முன்னால் மூச்சே இல்லை.