கோயில் வாசலில் ஒரு ஜோடி மிச்சம்

சாயோ மருந்தறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். காலில் செருப்பில்லை. வெறும் காலுறை, அதுவும் கணுக்கால் வரை செம்மண் சேறு. பூசைக்குப் போட்ட வெள்ளை முக்காடு இன்னும் தலையில் கிடந்தது. எங்கள் தீவில் ஒரு பெண் முக்காட்டோடு தெருவில் ஓடினால் நாலு ஜன்னலாவது திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடத் திறக்கவில்லை. அதிலிருந்தே ஊரின் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மடத்து மருந்தறையில் சிஸ்டர் மிட்சுவே இருமல் மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே மொரியாமா. தீவின் பார்சல்களையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். மனைவி நொபுவின் மாத்திரைக்காக வந்திருப்பதாகப் பேச்சு. மாத்திரை அரை மணி நேரத்துக்கு முன்பே சட்டைப் பைக்குள் போய்விட்டது. மனிதர் சேதிக்காக உட்கார்ந்திருந்தார்.

“சிஸ்டர், அவரு கோயிலுக்குள்ள இருக்காரு,” என்றாள் சாயோ.

“எவரும்மா?”

“எங்க வீட்டுக்காரரு.”

சிஸ்டர் மருந்துப் புட்டியை மூடினார். சாயோவின் கணவன் கன்சாகு கடலுக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. கவிழ்ந்த படகு கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. வெறும் குழியின் மேல் சிலுவை நட்டுத்தான் அடக்கப் பூசை நடந்தது.

எங்கள் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். முகப்பில் இடது பக்கம் ஆண்கள் அடுக்கு, வலது பக்கம் பெண்கள் அடுக்கு. அவரவர் பக்கம் ஏறி, அவரவர் பக்கம் இறங்குவது. போன இரண்டு ஞாயிறும் எல்லோரும் போன பிறகு ஆண்கள் அடுக்கில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் மட்டும் மிஞ்சியிருந்தது. முதல் வாரம், “எவனோ வெறுங்காலோட வீட்டுக்குப் போயிட்டான், மிச்சத்தை அவன் பொண்டாட்டி பாத்துக்குவா,” என்று சிரித்தார்கள். மறுநாள் பூட்ஸ் அங்கே இல்லை. இரண்டாம் வாரம் அதே பூட்ஸ், சிரிப்பு மட்டும் பாதியாகியிருந்தது. இன்றும் மிஞ்சியது என்று கேட்டுத்தான் சாயோ ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

“இடது குதிகால்ல சைக்கிள் டியூப் வெச்ச ஒட்டு. அவரு கையால ஒட்டினது, சிஸ்டர். அன்னிக்குக் காலைல அதைப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்கினாரு. என் கண்ணால பாத்தேன்.”

மொரியாமா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். “செருப்பு வெளிய இருந்தா ஆளு உள்ள இருக்காருன்னுதானே அர்த்தம்,” என்றார், யாரும் கேட்காமலே.

“நீங்க குடையை எடுங்க,” என்றார் சிஸ்டர். “வாங்க, போய்ப் பாப்போம்.” சாயோவை மருந்தறையிலேயே உட்காரவைத்தார்.

காலையிலிருந்து மழை. மலைமேல் கோயிலுக்கு ஏறும் பாதை செங்குழம்பாகக் கிடந்தது. வழியெல்லாம் மொரியாமா வாய் மூடவில்லை. பயந்தால் அவருக்குப் பேச்சு கூடும்.

“எனக்கு உபதேசியார் மேலதான் சந்தேகம். ஷிராஹாமாவுக்கு வயசாயிடுச்சு, கோயில் சாவியைச் சுமந்து அலுத்துப்போச்சு. கோயிலைப் பூட்டிட்டா அவருக்கு நிம்மதி.”

கோயிலைப் பூட்டும் பேச்சு உண்மைதான். ஞாயிறு பூசைக்கு இருபது பேர்கூட வராவிட்டால், குருவானவர் இனிமேல் படகேறி வரத் தேவையில்லை, எல்லோரும் பெரிய தீவுக் கோயிலுக்குப் போய்விடலாம் என்று ஆயர் இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு முடிவு. எங்கள் பாட்டன்கள் கல் சுமந்து கட்டியது. காமீலியாக் கொட்டை ஆட்டி எண்ணெய் விற்றுப் பெண்கள் ஜன்னல் கண்ணாடி போட்டார்கள். புயல் கூரையைப் பிய்க்கும்போதெல்லாம் சொந்த வீட்டை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் வேய்வார்கள். வாரத்துக்கு ஒரு வீடு முறைவைத்துப் பெருக்கும். அதைப் பூட்டினால் இந்தத் தீவில் நாம் யாருக்கு யார்?

தலை எண்ணும் பொறுப்பு உபதேசியாருடையது. செபத்தின் நடுவே திரும்பித் திரும்பித் தலையை எண்ணுவது மரியாதையில்லை என்று, பிரசங்கம் தொடங்கியதும் மெல்ல வெளியே போய்ச் செருப்புகளை எண்ணுவார். குருவானவருடையதையும் சிஸ்டருடையதையும் விட்டுவிடுவார். பிரசங்கம் நீளமென்றால் இரண்டு முறை எண்ணுவார்.

“இல்லன்னா தொகுஜியா இருக்கும்,” என்று மொரியாமா தொடர்ந்தார். தொகுஜி கன்சாகுவின் அண்ணன். “தம்பி வீட்டு மேல கண்ணு. சாயோவைப் பயமுறுத்தி ஓட்டிட்டா வீடு அவனுக்கு. கல் நெஞ்சுக்காரன், சிஸ்டர். தம்பி போன அடுத்த வாரமே கடைக்குச் சொல்லிப் புது பூட்ஸ் வரவழைச்சான். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். துக்க வீட்டுல எவனாவது பூட்ஸ் வாங்குவானா?”

சிஸ்டர் நின்றார். “அடுத்த வாரமேவா?”

“என் பார்சல் எனக்கு மறக்குமா?”

முகப்பு இருண்டிருந்தது. பெண்கள் அடுக்கில் சாயோவின் செருப்பு. ஆண்கள் அடுக்கின் கோடியில், தூண் மறைவில், அந்தப் பூட்ஸ். வாசலைப் பார்த்து ஒழுங்காகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ வந்து கால் நுழைத்துக்கொண்டு போகத் தோதாக. மழையில் நனைந்ததுபோல் மேலெல்லாம் நீர்த்துளி.

மொரியாமா படியிலேயே நின்றுகொண்டார். “நான் குடையைப் பிடிச்சுக்கறேன்.”

சிஸ்டர் குனிந்து விரலால் துளியைத் தொட்டு நாக்கில் வைத்தார். பூட்ஸைப் புரட்டி அடிப்பாகத்தைப் பார்த்தார். தம் பூட்ஸின் அடியையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அப்போது கோயிலுக்குள் ஏதோ ஒன்று மூச்சுவிட்டது. நீளமாக, மார்ச்சளி கட்டியவரைப்போல. அதன் பின்னால் ஒற்றை ஸ்வரம், தணிந்து, நடுங்கி, நின்றுபோனது.

குடை படியில் உருண்டது. மொரியாமா பிடரியைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். அவர் முழங்காலிட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் முறை. வழக்கமாக மூட்டுவலி என்பார்.

சிஸ்டர் கதவைத் தள்ளினார். ஆர்மோனியத்தின் முன்னால் ஓர் உருவம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதுகு அச்சாகக் கன்சாகுவின் முதுகு. அது திரும்புவதற்குள் சிஸ்டரின் கையும் செபமாலையைத் தேடிவிட்டது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

“பழகறதுக்குப் பின்கதவு வழியாத் திரும்பி வந்தேன், சிஸ்டர்,” என்றார் தொகுஜி. “அடுத்த ஞாயிறுக்கு.”

ஆர்மோனியம் வாசிக்கும் டீச்சரம்மா கண் ஆபரேஷனுக்கு நாகசாகி போய் மூன்று வாரமாகிறது. அவர் திரும்பும்வரை அந்த வேலை தொகுஜியின் தலையில். வலை இழுக்கும் விரல் கட்டைக்கு இரண்டு கட்டையாக அழுத்தும். மாதாவே காதைப் பொத்திக்கொள்வாள்.

“பூசை முடிஞ்சு கடைசி ஆள் இறங்குற வரைக்கும் நீங்க வாசிக்கணும், இல்ல?”

“ஆமா. அதுதானே முறை.”

“உங்க முகம் வெளுத்திருக்கு. சாயங்காலம் மருந்தறைக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். தொகுஜி மருந்துக்கு வரவில்லை.

அந்த வாரம் கோயிலைப் பெருக்க ஆள் வரவில்லை. மணி அடிக்கும் முறைக்காரருக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. மலையடி வீடுகளில் பகலிலேயே கதவைச் சாத்தினார்கள். கோயில் பலகையில் காலடிச் சத்தம் கேட்பதாக ஒருத்தி சொன்னாள். ஈரக் காலடி என்று அடுத்தவள் திருத்தினாள். நவம்பர் வேறு, இறந்தவர்களின் மாதம். உடலில்லாமல் அடக்கம் செய்தால் ஆள் வீடு தேடி அலையத்தானே செய்வான் என்று சாயோவின் காதுபடவே பேசினார்கள். அவள் கடல் தாண்டி ஸசெபோ நகரத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள்.

சனிக்கிழமை சிஸ்டர் வீடு வீடாக ஏறினார். “நாளைக்குப் பூசைக்கு வாங்க. அந்தப் பூட்ஸை யார் வெச்சாங்கன்னு சொல்லப் போறேன்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பக்தி இழுக்காத இடத்துக்கு வம்பு இழுத்துவிடும். ஞாயிறு காலை எல்லோரும் வந்தார்கள், ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு. நொபு வழக்கம்போல் மொரியாமாவின் முதுகில் வந்தாள். பக்கவாதம் வந்து ஆறு வருடமாக அவளுக்கு அதுதான் வாகனம். நேரே முன் பெஞ்சில் இறக்கிவிடுவார். சாயோ மட்டும் உள்ளே வரவில்லை. மூட்டையோடு முகப்புக்கு வெளியே, குடைக்கடியில் நின்றாள்.

பூசை முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் அந்தப் பூட்ஸைப் பீடப் படிக்குக் கீழே வைத்தார். முன் வரிசை சற்றுப் பின்னுக்குச் சாய்ந்தது.

“பயப்படாதீங்க. இதுல ஒட்டியிருந்தது கடல் தண்ணி இல்ல. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்பில்ல. நம்மள மிரட்டணும்னு நினைச்சவங்க வாளி நிறையக் கடல் தண்ணி மொண்டு ஊத்தியிருப்பாங்க. நடு அடுக்குல, கண்ணு படுற இடத்துல வெச்சிருப்பாங்க. இது தூண் மறைவுல இருந்துச்சு.”

“அப்ப எதுக்கு நனைச்சாங்க?” என்றார் மொரியாமா.

“அன்னிக்கு மழை. உங்க எல்லார் பூட்ஸும் நனைஞ்சிருந்துச்சு. இதுவும் அதுங்க மாதிரியே தெரியணும். குழாய்த் தண்ணிய ஊத்தினவரு அடிய மறந்துட்டாரு. நம்ம பாதையில நாலடி நடந்தாலே செம்மண் அப்பும். இதோட அடியில பொட்டு மண்ணில்ல. யாரும் இதைப் போட்டு நடந்து வரல. கையில மறைச்சுக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. யாரும் கவனிக்கக் கூடாதுன்னு வெச்சது.”

“கவனிக்கக் கூடாதுன்னா வெக்கறதே எதுக்கு?” என்றாள் நொபு.

“கண்ணுல படாம, கணக்குல மட்டும் படணும்னு. ஷிராஹாமா ஐயா, நீங்க எதை எண்ணுறீங்க?”

உபதேசியார் எழுந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது. “செருப்பைத்தான். ஊருக்கே தெரியும்.”

“எத்தனை வருது?”

“இந்த வருஷம் பூரா சரியா இருபது ஜோடி.” சொல்லி முடித்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றது.

“அதுல ஒண்ணு இது. முன்னாடி பூசை முடிஞ்சதும் அவரு முதல் ஆளா வெளிய போய் எடுத்து ஒளிச்சிருப்பாரு. அதனால மிஞ்சல. மூணு வாரமா அவரால முதல்ல போக முடியல. கடைசி ஆள் இறங்குற வரைக்கும் உள்ள உக்காந்தே ஆகணும். அப்படி ஒரு ஆள்தான் இங்க இருக்காரு.”

எல்லாத் தலையும் ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பியது. தொகுஜி கட்டைகளின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஆனா தம்பி பூட்ஸ் உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவரு வீட்டை விட்டு இதோட இறங்கினதை சாயோ பாத்திருக்கா. அப்ப வழியில மாத்தியிருக்கணும். வழியில இருந்தது உங்க படகுக் கொட்டகைதான். அடுத்த வாரம் உங்களுக்குப் புது பூட்ஸ் பார்சல்ல வந்திருக்கு. உங்களோடது எங்க போச்சு?”

“அவன் கால்ல,” என்றார் தொகுஜி. “ஒட்டுப் போட்ட எடம் திரும்ப விட்டுப்போச்சு. என்னோடதைப் போட்டுட்டுப் போடான்னு நான்தான் குடுத்தேன். இது கொட்டகையிலயே தொங்கிச்சு. சாயோகிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம் ஒருநாள் உபதேசியார் வாசல்ல நின்னு பத்தொம்பது, பத்தொம்பதுன்னு முனகுறதைக் கேட்டேன். ஒண்ணுதானே குறையுதுன்னு... அவ மூட்டை கட்டினப்பவாவது சொல்லியிருக்கணும். சொன்னா கோயில் போயிடும்.”

பேய் போய்விட்டது. அது போன இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பொய் ஜோடியைக் கழித்தால் மிச்சம் என்ன என்று எல்லோருக்கும் கழிக்கத் தெரியும். குருவானவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உள்ளதைத்தான் நான் ஆயருக்குச் சொல்லணும். பத்தொம்பதுன்னா பத்தொம்பது.”

“சொல்லுங்க, சாமி,” என்றார் சிஸ்டர். “ஆனா சரியா எண்ணிச் சொல்லுங்க. செருப்பை எண்ணினா, செருப்பு போடாம வர்றவங்க விட்டுப்போவாங்க.”

முதலில் பிடிபட்டது நொபுவுக்கு.

“ஆறு வருஷமா இவரு முதுகுல வர்றேன்,” என்று உபதேசியாரை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னையும் பார்சல்னு நினைச்சீங்களா, ஐயா?”

மொரியாமா வாயைப் பொத்திக்கொண்டார். மனைவியைக் கணக்கில் விட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

உபதேசியார் இந்த முறை தலைகளை எண்ணினார். விரல் நீட்டி, உதடசைத்து, வெட்கமில்லாமல் எண்ணினார். கடைசித் தலையில் விரல் நின்றது.

“பத்தொம்பது,” என்றார்.

விரல் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது. குடைக்கடியில் சாயோ. கீழே துறையில் ஸசெபோ படகு முதல் சங்கு ஊதியது.

“யாரும் அவளைப் பாக்காதீங்க,” என்றார் சிஸ்டர் மெதுவாக. எங்கள் ஜனங்களுக்கு அதைவிடக் கடினமான தவம் கிடையாது. ஆனாலும் எல்லோரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அத்தான்.” வாசலிலிருந்து சாயோவின் குரல். “உங்க பூட்ஸ் ஒழுகுமா?”

தொகுஜி கட்டைகளைப் பார்த்தபடியே சொன்னார். “ஒழுகாது. உள்ள கம்பளி வெச்சது.”

“அப்ப அவரு கால் நனையாமத்தான் கிளம்பினாரா?”

“நனையாமத்தான் கிளம்பினான்.”

துறையில் இரண்டாம் சங்கு ஊதியது. குடை மடங்கும் சத்தம். மூட்டையைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு ஈரக் காலுறை பலகையில் பதிந்து பதிந்து முன்னேறி வந்தது. வாரம் முழுக்க ஊரை நடுங்கவைத்த காலடி ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். சாயோ பெண்கள் பக்கம் வந்து, நொபுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“கடைசிப் பாட்டைத் திரும்ப வாசிங்க, அத்தான். நடுவுல தப்பா வாசிச்சீங்க.”

தொகுஜி திரும்ப வாசித்தார். அதே இடத்தில் அதே தப்பு. எல்லோரும் அந்தத் தப்போடு சேர்ந்தே பாடினார்கள். பாடி முடித்து வெளியே வந்தபோது துறையில் படகு இல்லை.