நாலாவது ஆளின் சோறு

"நாலு பேரும் சுகம், சயா" என்று போனில் சொக்கன் சொன்னபோதே கோபிகிருஷ்ணனுக்கு எரிச்சல் மூண்டது. அனுப்பியது மூன்று பேரை. சொக்கன், அவன் மனைவி ஆண்டாள், அவள் தம்பி கலைமணி. பர்மாவின் வடகோடியில், பூட்டாவுக்கும் வடக்கே, பனி விழுந்து பாதை அடைபட்ட மலையில் ஒரு சுற்றுலா விடுதி. அதைக் குளிர்காலம் முழுக்கக் காவல் காப்பது அவர்கள் வேலை. யாங்கோனில், தின்கன்ஜூன் அலுவலகத்தில் சாய்ந்தபடி மாலைதோறும் அவர்களுடைய சாட்டிலைட் போன் அழைப்பை எடுப்பதும், ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் அனுப்புவதும் கோபியின் வேலை. பனியை அவர் பார்த்தது குளிர்பெட்டிக்குள் மட்டும்தான். ஆனாலும் அவசரகால விதிகளை எழுதியவர் அவரே.

"நாலாவது யாருய்யா?"

"கல்லு, சயா. மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போகக் கூடாதில்ல? அதான் ஒரு கல்லை ஆளா சேத்துக்கிட்டோம். தெனம் அதுக்கும் ஒரு தட்டு சோறு வைக்கிறோம்."

மாவ்பியில் மாடு மேய்த்தவனுக்கு வேறென்ன தெரியும்? பாட்டன் கப்பலில் கொண்டுவந்த மூடநம்பிக்கை மூட்டையை இந்தக் கூட்டம் இன்னும் இறக்கி வைக்கவில்லை என்று கோபி நினைத்தார்.

"அதைத் தூக்கி வெளிய எறி. இப்பவே. சத்தம் எனக்குக் கேக்கணும்."

"அந்த எடம் காலியாயிடும், சயா. இங்க காலியா விடக் கூடாது."

"எறியலன்னா உங்க மூணு பேருக்கும் வேலை இல்ல."

கதவு முனகித் திறந்தது. காற்று போனுக்குள் ஊளையிட்டது. தொலைவில் தொப்பென்று ஏதோ விழுந்தது. கோபி சிரித்துக்கொண்டே தேநீரை உறிஞ்சினார்.

மறுநாள் சொக்கனின் குரல் தாழ்ந்திருந்தது. "நாலு பேரும் சுகம், சயா."

"கல்லைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டியா?"

"இல்ல. ராத்திரி கதவைத் தட்டுச்சு. பனியில மாட்டிக்கிட்டவங்க தட்டினா தொறக்கணும்னு உங்க விதியில இருக்கில்ல? தொறந்தோம். நேரா வந்து கல்லு இருந்த எடத்துல உக்காந்துக்கிச்சு."

அந்தக் குரலுக்குப் பின்னால் விறகு வெடிக்கும் ஓசையும், ஆண்டாள் விம்மலை அடக்கும் ஓசையும், அவற்றுக்கும் கீழே, தட்டின் அடியை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வழிக்கும் ஓர் ஓசையும் கேட்டன.

"ஹெலிகாப்டர் அனுப்புங்க, சயா. அது சாப்பிட்டு முடிக்க மாட்டேங்குது. அரிசி தீரப் போவுது."

எலும்பு முறிந்தால் ஹெலிகாப்டர், காய்ச்சல் கண்டால் ஹெலிகாப்டர். பேய்க்கு ஹெலிகாப்டர் கேட்டால் முதலாளி சிரிப்பார். மூன்று உயிரைவிட அந்தச் சிரிப்புத்தான் கோபிக்குப் பெரிதாக இருந்தது. "குடியைக் குறை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த மாலை போன் வந்தது. சொக்கன் பேசவில்லை. சுரண்டும் ஓசை. பிறகு அதுவும் நின்று, மெல்லும் ஓசை. நிதானமாக. ஈரமாக.

அதற்குப் பிறகு போனே வரவில்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது, அதுவும் பாதி தன் வேலையைப் பற்றித்தான். ஹெலிகாப்டரை அனுப்பினார்.

அது திரும்பிய அந்தியில் மனைவி புஷ்பலதாவையும் சின்ன மகளையும் மச்சான் வீட்டு விருந்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். "இதோ வந்துடறேன்" என்று அவர்களைக் காரில் விட்டுவிட்டு விமானத் தளத்துக்குள் நடந்தார்.

மூன்று ஸ்ட்ரெச்சர்களை இறக்கினார்கள். மூன்றும் துணி மூடியவை. துணிகளுக்கு அடியில் மிகக் கொஞ்சமே இருந்தது. கோபி எண்ணினார். மூன்று. கணக்குச் சரி என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது.

"உயிரோட இருந்தவர் வழி முழுக்கப் பேசவே இல்ல, சயா" என்றார் விமானி. "உங்க ஆள்தானே? இப்பதான் உங்க கார்ல போய் ஏறினார்."

கோபி திரும்பினார்.

யாங்கோன் புழுக்கத்தில் தார் இளகிக் கிடந்தது. காரின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக வெள்ளையாய் உறைந்திருந்தன.

விருந்துக்கு அவரும் மனைவியும் மகளும் மூன்று பேராகத்தான் கிளம்பியிருந்தார்கள்.

"புஷ்பா."

மகளின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டபடி காரை நெருங்கினார்.

உள்ளிருந்து ஒரு கை கண்ணாடிப் பனியைத் துடைத்தது. நீளமான கை. மெதுவாக. பிறகு மெல்லும் ஓசை கேட்டது.