ஆறு மாதக் காரை

காலை எட்டு மணிக்கு முதல் எண் வந்து நாற்காலியில் சாயும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பேன். முகம் பொய் சொல்லும். பல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மேட்டுநகர் வாய்நலக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாகப் பல் சுத்தம் செய்கிறேன். இந்தச் சந்தேகப் புத்தி வேலையோடு வந்ததா, கூடவே பிறந்ததா என்று என் கணவர் ரொசாரியோ கேட்பார். கூடவே பிறந்ததுதான்.

அன்றைக்கு வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். பல்லில் கட்டிய காரையை அதிர்ந்து பெயர்க்கும் அதிரூசியை நான் கையில் எடுத்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை வச்சுச் சுரண்டுனா பல்லு ஆடிப்போவும்னு சொல்லுதாங்களே, தாயி?"

"சுரண்டாம விட்டாத்தான் ஆடும். காரையை எடுத்த பெறவு ஈறு இறுகிரும். ரெண்டு நாள் கூசும், அவ்வளவுதான். தினமும் தேய்க்கேன்னு சொல்லாதீய. பிரஷ் போவாத இடத்துலதான் அது கட்டும். வாயைத் திறங்க."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயச் சுத்தம் என்று சட்டம் வந்த பிறகு, ஈறில் ரத்தம் வடிகிற ஆளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. எழுபது வயதுக்காரர்கள் கரும்பு கடிக்கிறார்கள்.

ஆனால் எடுத்த காரையைத் துப்ப விடுவதில்லை. கடுகளவு கட்டியானாலும் எண் ஒட்டிய குப்பியில் போட்டுப் பின்னறையில் அதை ஆராய்கிற காரைமானிக் கருவிக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் தின்றது, குடித்தது, மூச்சில் இழுத்தது எல்லாம் காரையில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். காரைமானி அதில் முக்கியமாகத் தேடுவது ஒன்றைத்தான்: கடலோரத்தில் பரவிய பூஞ்சையின் தூள். அந்த நோய்க்குப் பயந்துதான் ஊருக்கு மதில் எழுப்பினார்கள். தூள் இருந்தால் ஆள் மதிலைத் தாண்டியவர். அன்றைக்கே மதிலுக்கு வெளியே, கடலோரக் கரைப்புறத்துக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வர வழியில்லை. அங்கே நோய் ஓய்ந்து ஏழெட்டு வருடமாயிற்று என்று பேச்சு. சட்டம்தான் ஓயவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு முத்தம் போதும், தூள் அடுத்தவர் காரையிலும் ஏறிவிடும். அதனால் ஒருவர் பிடிபட்டால் அவர் துணையையும் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இருவருக்கும் இருந்தால் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். குப்பிகளின் முடிவு நேரே மேலிடத்துக்குப் போய்விடும்; யார் போனார்கள் என்ற விவரம் எங்களுக்கு வராது. நானும் கேட்டதில்லை.

ரொசாரியோவுக்கு நீரேற்று நிலையத்தில் வேலை. இரண்டு மாதமாகச் சனிக்கிழமைகளில் கூடுதல் ஷிஃப்ட் என்றார். வீட்டுக்கு வந்ததும் நேரே போய் வாய் கொப்பளித்தார். நான் கிட்டே போனால் தலையைத் தடவிவிட்டு நகர்ந்தார். என் தம்ளரிலேயே மிச்சக் காபி குடிக்கிற மனிதர், தனக்கென்று தனித் தம்ளர் எடுத்து வைத்துக்கொண்டார். இதற்கு மேலும் எனக்குப் புரியாதா?

"யாரு அவ?" என்று கேட்டேன்.

"எவ?"

"சனிக்கிழமைக்காரி."

"ஒம் புத்தி போற போக்கைப் பாரேன்" என்று சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று எனக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மதியம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில்தான் காரை முதலில் கட்டும். கைச்சுரண்டியால் ஒரே இழுப்பு. திடுக்கிட்டு விழித்தார்.

"என்னளா பண்ணுத?"

"கீரை நாரு மாட்டியிருந்துச்சு. நீங்க தூங்குங்க."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பின்னறைக்குப் போய் அதை, கருவியைச் சரிபார்க்க வைக்கிற சோதனை மாதிரி என்று பதிந்து காரைமானியில் வைத்தேன். சோதனை மாதிரியின் முடிவு மேலிடத்துக்குப் போகாது என்று பன்னிரண்டு வருடமாக நம்பியிருந்தேன். உதட்டுச் சாயமோ, இன்னொருத்தியின் எச்சிலோ கிடைக்கும் என்றுதான் பார்த்தேன். சாயம் இல்லை. எவளும் இல்லை. சுட்ட மீனின் புகை, கடல் உப்பு, பூஞ்சைத் தூள் எட்டு அடுக்கு. எச்சிலை வைத்தே கருவி ஆளைக் கண்டுபிடித்திருந்தது: கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, 'மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது.'

மூன்று மணிக்கு அவரைக் கூட்டி வந்தார்கள். பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

"எதுக்குப் போனீய?"

"கஸ்பாரைப் பாக்க."

கஸ்பார் அவர் தம்பி. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"அவனை அனுப்பிட்டாங்க, ஜெசிந்தா. மார்கழியில உன் நாற்காலியிலதான வந்து உக்காந்தான்."

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கட்டியிருந்தது. நான்தான் எடுத்தேன். குப்பியில் போட்டுவிட்டு, நல்லாத் தேயுலே என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மறுநாள் நீ அந்த ஊசியை எப்படிப் பிடிப்ப?"

"நாந்தான். நேத்து நாந்தான் எடுத்தேன்."

"கீரை நாரா?" என்றார். பிறகு, "போகட்டும் விடு. அடுத்த சுத்தத்துல எப்படியும் மாட்டியிருப்பேன். நாலு மாசம் முந்திட்டு, அவ்வளவுதான்."

அடுத்து என் முறை. பக்கத்து நாற்காலிப் பூரணிதான் எனக்குச் செய்ய வேண்டும். அவள் மேலோட்டமாகவே சுரண்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "ஒரு இடம் விடாத. ஈறுக்கு அடியில போயி எடு" என்றேன். எத்தனையோ வாய்களைச் சுத்தம் செய்தவள், என் வாயில் அழுக்கு இருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். அவரோடு அதே வண்டியில் ஏறிவிட வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். ரத்தம் கசிந்தது. வலித்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் பூரணி பின்னறையிலிருந்து ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமே இல்லக்கா! ஒரு பொட்டுத் தூள்கூட இல்ல. ரெண்டு மாசமா அண்ணன் உங்க பக்கத்துலயே வரல போல. நல்ல வேளை, நீங்க வீட்டுக்குப் போவலாம்."