கடைசி வரியின் கறுப்புப் பட்டை

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருப்பதியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குள் தேவசேனா நுழைந்தபோது நோயாளிகள் காத்திருக்கும் கூடம் காலியாக இருந்தது. மற்ற நாட்களில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. இன்று பினாயில் வாசனையும் ஒற்றை மின்விசிறியின் சத்தமும் மட்டும்தான். வாட்ச்மேன் அண்ணாதுரை சாவிக் கொத்தோடு பின்னால் வந்தார்.

"யாரும் இல்லாதப்ப போர்டு தானா எரியுதும்மா. அதுவும் அடியில, அந்தக் கறுப்பு எடத்துல மட்டும்."

"பழைய புரோகிராம்ணா, அப்படித்தான் செய்யும்."

சொல்ல எளிதான காரணம் அது. அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே யாரோ எழுதிய புரோகிராம். டாக்டர் கூப்பிடும் நோயாளியின் பெயரைப் பலகையில் காட்டும். கடைசி வரியில் மட்டும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுக்குபோலக் கிடக்கும். போன மாதம் அதைச் சரிசெய்ய வந்தவள், மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, அந்த வரியின்மேல் ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டு மறைத்துவிட்டுப் போனாள். கறை படிந்த சுவரில் காலண்டர் மாட்டுகிற வேலை. பலகை பளிச்சென்று இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டவும் செய்தார்.

மூன்று இருக்கைகள் சேர்ந்த இரும்பு நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பை இணைத்துப் பட்டையை நீக்கினாள்.

அழுக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு பெயர் தெளிவாக எரிந்தது.

. மணியம்மா

முன்னால் இருந்த புள்ளியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர்த் தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் உண்டு. எல்லையோரம் நகரிப் பக்கத்துத் தமிழர்களுக்குக் கிடையாது. வீட்டுப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்று கவுண்டரில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். புள்ளிக்காரர்களையெல்லாம் பழைய புரோகிராம் கடைசி வரியில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது. அவளும் நகரிக்காரிதான். அவள் சீட்டு வாங்கினாலும் அந்தப் புள்ளிதான் விழும். அழுக்கு என்று நினைத்தாளே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"மணியம்மான்னு யாருண்ணா?"

அண்ணாதுரை குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் நகரியிலேர்ந்து வந்த அம்மா. நெஞ்சு வலின்னு தைலத்தத் தேச்சிக்கினு காலையிலேர்ந்து குந்திக்கினு இருந்துச்சு. போர்டுல பேர் வந்தா போவணும்னு சொல்லிட்டாங்க. பேர் வராதவங்க கவுண்டர்ல போய்ச் சத்தம் போடுவாங்க. இந்தம்மா போர்டையே பாத்துக்கினு இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் போய் எழுப்பனேன். எழுந்துக்கல."

"எங்க உக்காந்திருந்தாங்க?"

"நீ குந்திக்கினு இருக்கற சேர்தாம்மா. அந்தாண்ட ஓரத்துல. ஏன் கேக்கற?"

அந்தப் பெயரை மறைத்தது தான்தான் என்று இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"சும்மாதாண்ணா."

வாசலில் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். அவளுக்கு முகம் எரிந்தது. இப்படி வெட்கப்பட்டு அவள் குறுகியதே இல்லை. ஆனாலும் விரல் நிற்கவில்லை. பட்டையை மறுபடி போட்டாள்.

பலகை பளிச்சென்று ஆனது.

மின்விசிறி நின்றது.

தைல வாசனை வந்தது.

நாற்காலியின் மறு ஓரம் மெல்ல அழுந்தியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் லேசாக மேலே எழும்பியது.

அவள் திரும்பவில்லை.

"கண்ணு," மூச்சு வாங்கிய குரல். "எனக்குப் பார்வை மங்கல். என் பேரு வந்துச்சான்னு பாத்துச் சொல்றியா?"

வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் மறைத்தேன் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. வாசலில் அண்ணாதுரை யாரோடோ பேசிச் சிரிப்பது கேட்டது.

"இல்லம்மா," என்றாள் தேவசேனா. "இன்னும் வரல."

அந்தக் குரல், கோபமே இல்லாமல், அவளை நம்பி, சொன்னது:

"சரி கண்ணு. குந்திக்கினு இருக்கேன்."