அரிசினாவின் விளையாட்டுச் சாமான்

அரிசினா தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுவதை முதலில் பார்த்தவள் அனுப்ரியாதான்.

"அக்கா! சீக்கிரம் வா! பறவை சட்டையைக் கழட்டுது!"

சொர்ணலதா வீட்டுப்பாட நோட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கூண்டின் அடியில் குட்டிக் குட்டியாக மஞ்சள் இறகுகள் கிடந்தன. அரிசினாவின் நெஞ்சில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வழுக்கை விழுந்திருந்தது.

அரிசினா அவர்களுடைய பறவை இல்லை. பக்கத்து வீட்டு லீலா அக்கா வளர்க்கும் லவ் பேர்ட்ஸ். மைசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் லீலா அக்கா, பயிற்சிக்காக மூன்று வாரம் பெங்களூருக்குப் போயிருந்தார்.

"இதோட ஜோடி போன மாசம் பறந்து போயிடுச்சு சொர்ணா. ஒண்டியா இருக்கு பாவம். ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லித்தான் கூண்டைக் கொடுத்திருந்தார்.

அரிசினா என்றால் கன்னடத்தில் மஞ்சள். ஆறு வயது அனுவுக்கு மட்டும் அது புரியவில்லை. "அரிசின்னு பேரு வெச்சுட்டு எதுக்குத் தினை போடறோம்?" என்று தினமும் கேட்பாள்.

சொர்ணலதா கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிண்ணத்தில் தினை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர். உட்கார ஒரு குச்சி. வேறு ஒன்றுமே இல்லை.

"நாள் பூரா இப்படியே உக்காந்திருந்தா நானும் முடியைப் பிச்சுக்குவேன்" என்றாள். "இதுக்கு விளையாட ஏதாவது வேணும் அனு."

அந்தச் சனிக்கிழமை அம்மாவோடு தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனபோது, பழைய சாமான் கடை வாசலில் ஒரு கோணிப்பை நிறைய பிளாஸ்டிக் பொம்மைகள் கிடப்பதைப் பார்த்தாள். கடைக்காரர் குப்புசாமியும் அவர்களைப் போலத் தமிழ்க்காரர்தான்.

"மாமா, இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? லவ் பேர்ட்ஸ் விளையாடறதுக்கு."

குப்புசாமி சிரித்துவிட்டார். "பறவைக்குப் பொம்மையா? வேணுங்கிறதை எடுத்துக்கோ பாப்பா. ஆனா எந்த வீட்டுல எப்படிக் கிடந்ததோ. நல்லாக் கழுவிடு."

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், வளையங்கள், குட்டி ஏணி, கிலுகிலுப்பை, வாத்து, சக்கரம் என்று என்னென்னவோ இருந்தன. எல்லாவற்றிலும் பிசுபிசுப்பு. ஒரு லாரிக்குள் கரப்பான் பூச்சி குடும்பமே குடியிருந்தது.

"நாளைக்குக் காலையில கழுவலாம்" என்றாள் சொர்ணலதா.

ஆனால் அக்காவை அசத்த வேண்டும் என்று அனுவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலை, சொர்ணலதா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் பாதிப் பொம்மைகளை வாளியில் போட்டாள். குளியலறைக்கு வெளியே இருந்த பினாயில் பாட்டிலை எடுத்து அதில் கடகடவென்று ஊற்றினாள். வாளி இருந்த இடம், அரிசினாவின் கூண்டுக்கு நேர் கீழே.

சொர்ணலதா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நெடி மூக்கில் ஏறியது. அரிசினா பந்து போல உப்பி உட்கார்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது.

"ஐயோ! அனு, வாளியைத் தொடாதே! ஜன்னலைத் திற!"

கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். வேப்பமரக் காற்று படும் இடத்தில் நிழலில் வைத்தாள். அம்மா வந்து வாளியை அப்புறப்படுத்திவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொர்ணலதா அரிசினாவின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லீலா அக்காவிடம் என்ன சொல்வது?

வெகு நேரம் கழித்து வாலாட்டம் மெதுவாக நின்றது. அரிசினா உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, அவர்களைத் திட்டுவது போல "கீச்!" என்றது.

அப்போதுதான் அனுவுக்கு அழுகை வெடித்தது. "தரைக்குப் பினாயில் போட்டா கிருமி எல்லாம் செத்துடும்னு அம்மாதானே சொன்னாங்க!"

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் சொர்ணலதா வாயைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் திட்டு உள்ளேயே நின்றுவிட்டது.

"தரையை யாரும் கடிக்க மாட்டாங்க அனு. அரிசினாவுக்குக் கை கிடையாது. எதைக் கொடுத்தாலும் அலகாலதான் தொடும். நீ பாப்பாவா இருந்தப்போ எல்லாத்தையும் வாயில போடுவே இல்லே, அது மாதிரி."

"நான் என்ன போட்டேன்?"

"அப்பாவோட செருப்பு."

அனு அழுகையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "ஆமாம்" என்று தலையாட்டினாள்.

அதைச் சொன்னதும் சொர்ணலதாவுக்கு ஒரு யோசனை வந்தது. பாப்பாவாக இருந்த அனு வாயில் போடலாம் என்றால் அரிசினாவுக்கும் கொடுக்கலாம். கூடாது என்றால் குப்பைதான்.

பினாயிலில் ஊறிய பொம்மைகளை அம்மா எத்தனை முறை கழுவியும் நெடி போகவில்லை. அவை எல்லாம் குப்பைக்குப் போயின. மிச்சத்தை சொர்ணலதா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினால் வாத்தின் சிவப்புச் சாயம் உதிர்ந்தது. வேண்டாம். கிலுகிலுப்பையில் விரிசல், உள்ளே மணிகள். வேண்டாம். ஒரு வளையம், பறவை தலையை விட்டு மாட்டிக்கொள்ளும் அளவில் இருந்தது. அதுவும் வேண்டாம்.

கடைசியில் மிஞ்சியது மூன்று சின்ன வளையங்கள், ஒரு சக்கரம், ஒரு ஏணி.

அவசரத்தில் சொர்ணலதா ஏணியின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டாள். ஏணி மெல்ல வளைந்து புடலங்காய் ஆகிவிட்டது.

"இதுக்கு யாரைத் திட்டறது?" என்று கேட்டாள் அனு.

"யாரையும் திட்ட வேண்டாம்" என்றாள் சொர்ணலதா அவசரமாக.

மற்றவற்றைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் துளி பாத்திர சோப்பு கரைத்து ஊறவைத்தாள். பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தாள். வழுவழுப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாள்.

"அனு, உன் மூக்குதான் நம்ம வீட்டுலயே கூர்மை. நீதான் மோப்ப அதிகாரி."

அனு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தாள். "சோப்பு வாசனை வருது. இன்னொரு தடவை!" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை, "ஒரு வாசனையும் இல்லே. பாஸ்!" என்றாள். பிறகு எல்லாம் மாடி வெயிலில் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்தன.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் வளையத்தைச் சின்னத் தேங்காய் நாரில் கட்டிக் கூண்டுக்குள் தொங்கவிட்டார்கள். அரிசினா அலறிக்கொண்டு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு கழுவியும் பிடிக்கலியா?" அனுவின் உதடு பிதுங்கியது.

"பிடிக்காம இல்லே. பயம். புது ஸ்கூல்ல முதல் நாள் நீயும் பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சே."

"அப்புறம் எப்படி வெளியில வந்தேன்?"

"மத்தவங்க விளையாடறதைப் பாத்துட்டு வந்தே." சொன்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். வளையத்தை வெளியே எடுத்தாள். "வா அனு, நாம விளையாடலாம்!"

இருவரும் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து வளையத்தை உருட்டினார்கள், தட்டினார்கள், தலையில் வைத்து ஆடினார்கள். மாவு பிசைந்த கையோடு எட்டிப்பார்த்த அம்மா, "என்னடி ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்றாள்.

"அரிசினாவுக்குப் பாடம் நடத்தறோம்!"

முதல் நாள் அரிசினா மூலையிலிருந்தே பார்த்தது. இரண்டாம் நாள் குச்சியின் நடுவுக்கு வந்தது. மூன்றாம் நாள் கம்பியில் தொற்றிக்கொண்டு கழுத்தை நீட்டியது. நான்காம் நாள் வளையத்தை மறுபடி உள்ளே வைத்தபோது, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து, அலகால் ஒரு தட்டு தட்டியது. வளையம் ஆடியது. அரிசினா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டு தட்டியது. அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

கூண்டின் அடியில் இறகு விழுவதும் நின்றது. சில நாட்களில் வழுக்கையில் ஊசி ஊசியாகப் புது இறகு முளைத்தது.

மூன்றாவது வாரம் லீலா அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கேதான் வந்தார். "அரிசினா! நோடு, யாரு வந்திருக்கா பாரு!"

அரிசினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டாமல் வைத்திருந்த வளையம் ஒன்றை அலகில் கவ்வி, கம்பி இடுக்கு வழியாக வெளியே தள்ளியது. அது லீலா அக்காவின் காலடியில் விழுந்தது.

"எடுத்துக் கொடுங்க அக்கா" என்றாள் அனு. "அதுதான் விளையாட்டு."

லீலா அக்கா குனிந்து எடுத்துக் கொடுத்தார். அரிசினா உடனே அதைக் கீழே போட்டது. மறுபடி கொடுத்தார். மறுபடி போட்டது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பத்தாவது முறை எடுத்துக் கொடுத்த பிறகுதான், பயணப் பை இன்னும் தோளிலேயே தொங்குவது லீலா அக்காவுக்குத் தெரிந்தது.